வாத்தா, கரடியா: ஹேரிம் துறையின் பெரிய வழக்கு

அலையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த ஹேரிம் துறையின் பெருமக்களே! தலை நரைத்தும் தளராத, தடியூன்றியும் தாழாத, முதியோர் சங்கத் தலைவரும் இந்தக் கூட்டத்தின் தலைவருமான பெருமதிப்புக்குரிய பியோ ஐயா அவர்களே! முன்வரிசையில் முழங்கால் மடக்கி அமர்ந்திருக்கும் மூத்தோரே! கணவாய் மீனைக் காயப்போட்ட கையோடும், கடற்பாசியை உலர்த்திய கையோடும் ஓடோடி வந்திருக்கும் தாய்மாரே! கப்பலேறப் பையை மாட்டிக்கொண்டு, பேருந்துக்காகக் கதவோரம் தவித்து நிற்கும் தம்பி ஓசிக்கே! உங்கள் தலைகளையெல்லாம் வெட்டிச் சுருட்டிச் சாயம் பூசும், முடியைத்தான் சொல்கிறேன், முடிதிருத்தகத்துச் சுன்ஓக் ஆகிய நான், மகளிர் மன்றத்தின் சார்பில் உங்கள் அனைவரையும் குனிந்து வணங்குகிறேன்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? வரி குறைக்கவா? வலை பிரிக்கவா? இல்லை பெருமக்களே, இல்லை! ஒரு வீடியோவைக் கையடக்கக் கருவியில் ஓடும்படி மாற்றித்தரும் மென்பொருள் எது என்று முடிவுகட்டக் கூடியிருக்கிறோம். சிரிக்காதீர்கள். இதற்காகத்தான் இந்த ஊரில் அண்ணனும் தம்பியும் ஒரே படகில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மீன்பிடிக்கிறார்கள்.

நம் டேஹூன் எங்கே இருக்கிறான்? உலகத்தின் தென்கோடியில், கணவாய்க் கப்பலில். அவன் மகள் ஹாரமுக்கு முதல் பிறந்தநாள் எங்கே நடந்தது? இதே கூடத்தில். நூலும் பென்சிலும் அரிசியும் வில்லும் பரப்பி, குழந்தையைத் தவழவிட்டோம். எதை எடுக்கிறதோ அதுதானே அதன் வருங்காலம்! அன்றைக்கு டேஹூன் கப்பல் தொலைபேசியில் என்ன சொன்னான்? "யாரும் வாயத் திறக்கக் கூடாது! எம் புள்ள எதை எடுத்துச்சுன்னு நான் எங்கண்ணால பாக்கணும். எவனாவது சொன்னான், ஊர்ப்பக்கமே வரமாட்டேன்!" என்றான். நாமும் சொல்லவில்லை. ஹேரிமில் ஒரு ரகசியம் தங்கியது அதுதான் முதல்முறை.

இன்று ஓசிக் அதே கப்பலுக்குப் போகிறான். டேஹூனுக்கான கைக்கருவி அவன் வசம் போக வேண்டும். இந்தப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்த ஆள் போக அரையாண்டு ஆகும். அதற்குள் தவழ்ந்த பிள்ளை ஓடவே ஆரம்பித்துவிடும்! ஆனால் அந்தக் கருவி இருக்கிறதே, அது மாமியார் மாதிரி. நாம் கொடுத்த பிறந்தநாள் வீடியோவை வாயிலேயே வைக்க மாட்டேன் என்கிறது. அதன் ருசிக்கு மாற்றிக் கொடுத்தால்தான் தின்னுமாம்.

மாற்றுவதற்கு இரண்டு மென்பொருள். ஒன்றில் வாத்துப் படம், வேகம் அதிகம். மற்றதில் கரடிப் படம், தெளிவு அதிகம். கடற்பாசிக்காரர்கள் வாத்துப் பக்கம். கணவாய்க்காரர்கள் கரடிப் பக்கம். சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து அறைக் கணினியில் வாத்தை ஓடவிட்டோம். மாலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை! கணினி அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி முழிக்கிறது. கரடியை ஓடவிட்டோம். அதே கதை! கணினியின் முன்னால் சிரித்த முகமுள்ள பன்றித் தலையை வைத்துப் பூசை போட்டு, அரிசிக் கள் தெளித்து, வாத்தை மறுபடி ஓடவிட்டோம். பன்றி சிரித்ததுதான் மிச்சம்!

என்ன யாங் அண்ணா? சத்தமாகச் சொல்லுங்கள். "கதைய விடு சுன்ஓக்கு, கரடிக்கு ஓட்டப் போடு!" என்கிறீர்கள். பொறுங்கள் அண்ணா, ஓட்டு எங்கே ஓடிவிடப் போகிறது? போன வாரம் உங்கள் மனைவி என் கடைக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? "வாத்துக்காரி தலையில சுத்துன உருளைய என் தலையில சுத்தாத!" என்றார். முடிக்குக் கூடக் கட்சி வந்துவிட்டது பெருமக்களே, முடிக்குக் கூடக் கட்சி!

மியோங்ஆ! பக்கத்து அறையில் கொழுக்கட்டை வெந்துவிட்டதா?

"இன்னும் கொஞ்சம் இருக்குக்கா!"

கேட்டீர்களா? ஹாரமின் அம்மாவே உங்களுக்காகக் கொழுக்கட்டை அவித்துக்கொண்டிருக்கிறாள். வேகும்வரை நான் பேசுவேன். வாத்து பெரிதா, கரடி பெரிதா? வாத்து நீந்தும், கரடி நீந்தாதா? கரடி மீன் பிடிக்கும், வாத்து பிடிக்காதா?

ஐயோ, தலைவர் ஏன் எழுகிறார்? "கண்ணு சொக்குதும்மா. நான் பக்கத்து ரூம்ல போய்க் கொஞ்சம் சாயறேன்." ஐயா, கூடாது ஐயா! பாருங்கள், நீங்கள் எழுந்ததும் கூட்டமே எழுந்துவிட்டது! மூத்தவர் நிற்க இளையவர் உட்காரலாமா? நீங்கள் அமர்ந்தால்தான் இவர்கள் அமர்வார்கள். அமருங்கள். அப்பாடா. முழங்கால்கள் எல்லாம் முறிகிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. மறுபடியுமா? ஐயா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், உட்காருங்கள்! மியோங்ஆ, என் மானத்தைக் காப்பாற்று!

"வெந்தாச்சுக்கா! முழுசா வெந்தாச்சு!"

என் வயிற்றில் பாலை வார்த்தாய்! பெருமக்களே, இனி உண்மையைச் சொல்கிறேன். கொழுக்கட்டை இல்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. வெந்தது வீடியோ!

அமைதி! அமைதி! டேஹூனுக்காக இத்தனை நாள் கொதிக்காத ஊர் கொழுக்கட்டைக்காக இப்படிக் கொதிப்பதா?

நேற்று மதியம் மெத்தை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனேன். ஈ வருகிறதென்று சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. தினமும் மதியம் அங்கே உறங்கும் நம் தலைவர் பாயை விரித்துவிட்டுக் கணினியிடம் காதை வைத்துக் கேட்டார். "அட, இதுக்குள்ள காத்தாடி ஓடுதே! மூடுன ரூம்ல காத்தாடி ஓடினா படுத்தவன் எழுந்திருப்பானா?" என்றார். கணினியின் மின்செருகியைப் பிடுங்கினார். நிம்மதியாக உறங்கினார். எழுந்ததும் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கும் பண்பாளர் அல்லவா, மறுபடியும் செருகிவிட்டுப் போனார். நம் ஊர் வழக்கின் வேர் அதுதான்.

யார் சிரிப்பது? சாத்திய அறையில் காற்றாடி ஓடினால் தூங்குகிறவர் உயிர் போகும் என்று நம்பி வளர்ந்தவர்கள்தானே நாம்? காற்றாடியை ஓடவிட்டு, கதவையும் சாத்திவிட்டுத் தூங்குகிறவர் இந்தக் கூடத்தில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! ஒரு கை? ஒரு விரல்? இல்லை! வீட்டில் நாம் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

பிறகு ஏன் நேராகச் சொல்லவில்லை என்கிறீர்களா? எண்பதைத் தாண்டிய பெரியவரிடம் "நீங்கள் செய்தது தப்பு" என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்? எனக்கு எழவில்லை. அதனால்தான் கூட்டம் கூட்டினேன். அதனால்தான் அவரைத் தலைமையில் உட்காரவைத்தேன். அதனால்தான் தொண்டை வறள வறள வாத்தையும் கரடியையும் மேய்த்தேன்! தலைவர் அவர்களே, என்னை மன்னிக்க வேண்டும். இதோ, ஒலிவாங்கியைக் கேட்கிறார்.

"ஏம்மா சுன்ஓக்கு... இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சன்னலத் திறந்து வெச்சிட்டுப் படுத்திருப்பேனே!"

கேட்டீர்களா மக்களே? சன்னல்! பன்றித் தலை வைத்தோம், சன்னலைத் திறந்தோமா? அண்ணன் தம்பியைப் பிரித்தோம், அவரிடம் வாய் திறந்து கேட்டோமா? மரியாதை என்று சொல்லிச் சொல்லியே ஒரு நல்ல மனிதரைப் பேசவிடாமல் வைத்திருந்தோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, மாற்றியது வாத்தா கரடியா? மியோங்ஆவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சொல்ல மாட்டோம்! ஹாரம் எதை எடுத்தாள் என்பதைப் போல, இது இந்த ஊர் காக்கப்போகும் இரண்டாவது ரகசியம்.

இதோ மியோங்ஆ கருவியைக் கொண்டுவருகிறாள். தலைவர் வாங்கிப் பார்க்கிறார். ஓடுகிறதா ஐயா? ஓடுகிறது! கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஓசிக்கின் கையில் வைக்கிறார். "டேஹூன் இதப் பாக்கும்போது நீ பக்கத்துல நிக்காத. அவன் அழட்டும். அப்புறம் சொல்லு, காத்தாடியப் போட்டுட்டுக் கதவச் சாத்திப் படுக்கக் கூடாதுன்னு."

பேருந்து ஒலி கேட்கிறது! ஓசிக், ஏன் மரம் மாதிரி நிற்கிறாய்? பெரியவர் கிளம்பாமல் கிளம்பக் கூடாது என்று நிற்கிறாயா? அடப்பாவி!

"டேய், என் முழங்கால் நிமிர்றதுக்குள்ள பஸ்ஸு போயிடும்டா! எனக்காக நிக்காத, ஓடுடா, ஓடு!"

ஓடிவிட்டான்! எனக்கு முன்னே, உங்களுக்கு முன்னே, தலைவருக்கே முன்னே ஓடிவிட்டான்! இத்தனை நேரம் பசியோடு பொறுத்திருந்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. பொய்க் கொழுக்கட்டைக்கு ஈடாக நாளை என் வீட்டில் உண்மைக் கொழுக்கட்டை உண்டு, இரண்டு கட்சிக்கும் ஒரே பாத்திரத்தில். தலைவர் ஐயா, இப்போது நீங்கள் போய் உறங்கலாம். சன்னலை நானே திறந்துவைக்கிறேன். வணக்கம்!