பாதியில் விட்ட மாத்திரை

மூட்டை தூக்குகிறவனுக்கு வெறும் வயிறு ஆகாது. டி.பி. மாத்திரை போட்டாலோ தின்ற சோறெல்லாம் குமட்டிக்கொண்டு வரும். நாலு நடை தூக்குவதற்குள் கண் இருட்டும். அதனால் இருமல் நின்றதும் மாத்திரையை விட்டேன். திரும்ப இருமினால் போட்டேன், அடங்கினால் விட்டேன். என் உடம்பு, என் பாடு என்று இருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து கொடுக்க வரும் தங்கச்சி எதிரில் நின்று விழுங்கச் சொல்லும். நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்வேன்.

"வாயத் தொறங்கண்ணே, பாக்கலாம்."

"பல்லப் புடிச்சுப் பாக்க நான் என்ன மாடா?"

சிரித்துவிட்டுப் போகும். நல்ல பெண். ஒருநாள் அதுவே சொன்னது: "அரைகுறையா அடிச்ச பாம்புண்ணே இந்தக் கிருமி. பொழைச்சதெல்லாம் மருந்தத் தாங்கப் பழகிக்கும். அப்புறம் உங்ககிட்டருந்து யாருக்கு ஒட்டினாலும் இந்த மாத்திரை கேக்காது."

புரிந்தது. புரியவில்லை என்றால் பொய்.

அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். ஒரே அறை. குளிருக்கு ஜன்னலைச் சாத்தியே வைப்போம். அண்ணிதான் இந்த வயதில் எனக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தவர். "கொழுந்தனாருக்கு 'ழ' வந்துடுச்சு, இனிமே பொண்ணு பாத்துடலாம்" என்று கேலி செய்வார். அவர் இருமத் தொடங்கியதும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணியைப் பார்த்த டாக்டர் என்னைத்தான் கேட்டார்: "நீங்க மாத்திரைய விடாமப் போட்டீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. அத வச்சுத்தான் இவங்களுக்கு என்ன மருந்துன்னு பாக்கணும்."

பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே வெளியே போகச் சொல்லியிருப்பார். வேலை முடிந்து வந்து முதுகைச் சாய்க்க எனக்கு வேறு இடம் கிடையாது.

"ஒண்ணு விடாமப் போட்டேன்" என்றேன்.

அதே மாத்திரையை அண்ணிக்கும் எழுதினார்கள். அவர் நாளுக்கு நாள் கரைந்துகொண்டே போனார். "மருந்து கேக்கலியேடா" என்று அண்ணன் அழுதார். அப்போதும் சொல்லியிருக்கலாம். காலம் கடந்துவிடவில்லை. ஆனால் பகலெல்லாம் சுமந்துவிட்டு வருகிறவனுக்குப் புதிதாக ஒரு பேச்சைத் தொடங்கத் தெம்பு இருக்காது. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்துவிடுவேன்.

அண்ணி போய்விட்டார். நான்தான் காரணம். இல்லை என்று சொல்ல வரவில்லை.

ஆனால் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறீர்களே ஐயா, இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாத்திரைகளை அவருக்கு என் கையால்தான் கொடுத்தேன். எவ்வளவு அசதியிலும் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. பெற்ற மகன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.