பாப்பாவுக்கு ஒரு கேமரா

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். பிறர் வீட்டுக் கவலை, பஸ்ஸில் என் காதில் விழுந்தது. பெருமாள் மன்னிக்கட்டும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு கணவன், மனைவி. தென்னூரில் கேமரா கடை பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"படம் அழகா வேணாங்க. பாப்பா விழறப்போ முகம் தெளிவாத் தெரியணும்" என்றார் அந்த அம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எச்.டி.ன்னா தெரியும்னு கடைக்காரர் சொன்னாருல்ல?"

"கண்ணு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு டாக்டர் கேக்குறாரு. நீங்க போன்ல எடுத்ததுல ஃபேன்தான் சுத்துது."

"வலிப்பு வர்றப்போ போனைப் புடிப்பேனா, புள்ளையப் புடிப்பேனா? நீ எடுத்ததுல உன் அழுகைதான் கேக்குது."

"அதான், ஸ்டாண்டுல நிக்கிற கேமராவா வாங்குவோம். அது பாட்டுக்கு ஓடட்டும்."

காவிரிப் பாலத்தில் இருவரும் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"எதுக்குன்னு பாப்பா கேப்பாளே?"

"பிறந்தநாளுக்குன்னு சொல்லு."

"அப்பறம் அது முன்னாடியே நின்னு ஆடிட்டு இருப்பா."

"ஆடட்டும். அது மட்டுமே பதியட்டும்னு வேண்டிக்க."

"அப்ப டாக்டருக்கு எதைக் காட்டுறது?"

கணவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார். அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்கு அப்படியே சொல்லுங்கள். குழந்தை குணமாகிவிட்டது என்று மட்டும் யாரும் சேர்த்துவிடாதீர்கள். அது எனக்குத் தெரியாது. சன்னதியில் நிற்கும்போதெல்லாம் இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.