சந்தன நிற சீட்

கார் வாங்கும்போது உள்ளே சந்தன நிற சீட் எடுக்கக் கூடாது, மேடம். நம் ஊர்ப் புழுதிக்கும் வேர்வைக்கும் அது ஒத்துவராது. ஷோரூமிலேயே கறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பல் டாக்டர் இல்லையா, வெளிர் நிறம் என்றால் எனக்கு ஒரு பிடிப்பு. அழுக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

நீங்கள் கேட்பது என் மாமனார் பிச்சமுத்துவின் சாவைப் பற்றி. அது புரிகிறது. இன்ஸ்பெக்டர் என்ற முறையில் பாம்புக்கடி கேஸை முடித்து அனுப்ப வேண்டிய அவசரம் உங்களுக்கு. ஆனால் காரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கம்பெனி வண்டி. உயரமாக இருக்கும், ஆனால் நீளம் குறைவு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் இருக்கும் சந்துக்குள் பெரிய வண்டி திரும்பாது. இது திரும்பும், இரண்டு பக்கமும் ஒரு கை இடைவெளிதான் விடும். தினமும் கே.கே. நகரில் இருக்கிற என் கிளினிக்குக்குப் போய்வர இதைவிடத் தோதான வண்டி கிடையாது. கதவைச் சாத்தினால் காவிரிப் பாலத்து இரைச்சல்கூட உள்ளே வராது. நாள் முழுக்க மற்றவர்கள் வாயைப் பார்க்கிற மனிதனுக்கு அந்த அமைதி எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை.

வண்டிக்குள் சில ஒழுங்குகள் வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். தலையில் எண்ணெய் இருந்தால் துண்டு விரித்துச் சாய வேண்டும். என் மனைவி சுபஸ்ரீ முதலில் சிரித்தாள், பிறகு பழகிவிட்டாள். குரங்குகள் பானெட்டில் ஏறும் என்பதால் ஸ்ரீரங்கத்தில் உறை போட்டுத்தான் நிறுத்துவேன். சமயபுரத்தில் பூஜை போட்டபோது பானெட்டில் அப்பிய சந்தனத்தை, டோல்கேட் வருவதற்குள் நிறுத்தித் துடைத்துவிட்டேன். பக்தி இல்லாமல் இல்லை, மேடம். சந்தனம் காய்ந்தால் பெயின்ட்டில் தடம் விழும்.

என் மாமனார் வையம்பட்டிப் பக்கம் விவசாயி. நல்ல மனிதர், அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. முதல் தடவை வண்டியில் ஏறியபோது வெற்றிலை போட்டிருந்தார். கண்ணாடி இறக்கியிருக்கிறது என்று நினைத்துத் துப்பிவிட்டார். கண்ணாடி மூடித்தான் இருந்தது. கதவின் உட்புறம், சீட்டின் ஓரம் எல்லாம் ஒழுகிற்று. "அய்யய்யோ மாப்ள, பளிங்கு மாதிரி இருந்துச்சுங்க, தெரியல," என்றார். பரவாயில்லை மாமா என்றுதான் சொன்னேன். அன்று சாயங்காலம் முழுக்கப் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தேன். தையலில் மட்டும் போகவில்லை. எனக்கு அழுகை வந்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு மச்சினன் பாலு, பெண் பார்க்கப் போக வண்டி கேட்டான். சுபஸ்ரீயிடம் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. அதனால், "இது மத்த வண்டி மாதிரி இல்லம்மா. பதிவு பண்ணாத ஆள் கை பட்டா லாக் ஆயிடும். அப்புறம் சென்னையில கம்பெனிக்காரன் திறந்துவிட்டாத்தான் உண்டு," என்றேன். அவள் அதை அப்படியே ஊரில் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஊரில் வண்டியை நிறுத்தினால் பிள்ளைகள் தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மாமனாருக்கு ஓர் ஆசை. ஊர் எல்லையில் இருக்கிற கருப்பு கோயிலில் வண்டியை ஒரு முறை நிறுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டும். "கருப்பு கண்ணுல படாத வண்டி, வாசல்ல நிக்குற விருந்தாளி மாதிரிங்க மாப்ள," என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். சுபஸ்ரீ அன்று கோயிலுக்கு வரக்கூடாத நாள் என்பதால் ஸ்ரீரங்கத்திலேயே இருந்துவிட்டாள். கோயிலில் மாமனார், பாலு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆண்டி, நான், அவ்வளவுதான்.

கோயில் வாசல் சரிவு. பின் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும் என்றார் மாமனார். இந்த வண்டி தானாகவே பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். "இருக்கட்டுமே, கல்லு வச்சா மனசுக்குத் தைரியம்," என்று சொல்லிக்கொண்டே வேலியோரம் போய்க் கல்லைப் புரட்டினார். ஒரு கையை உதறிக்கொண்டு திரும்பி வந்தார். கல்லை மட்டும் விடவில்லை. அதைச் சக்கரத்தடியில் வைத்துவிட்டுத்தான், "ஏதோ புடுங்கிருச்சு பாலு," என்றார்.

பாலு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கண்ணாடி விரியன். ஆண்டி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். இருந்த ஒரு வண்டியும் பிரசவ கேஸுக்குப் போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். கை அதற்குள் வீங்கத் தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார், வேட்டியெல்லாம் நனைந்தது. நான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஈறுகளில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த இடத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். ரத்தம் உறையவில்லை, இனி நிற்காது, மருந்து ஏற்றினால் பிழைப்பார், மணப்பாறைக்குக் காரில் போனால் சீக்கிரம் சேர்ந்துவிடலாம். எல்லாமே தெரிந்தது.

பாலு அவரைத் தூக்கிக்கொண்டு காரைப் பார்த்து ஓடி வந்தான். அவன் சட்டை முழுக்க வாந்தியும் ரத்தமும். கைப்பிடியில் கை வைத்தான். அந்த நொடியில் நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. சாவி என் பையில் இருந்தது, விரல் பட்டனில் இருந்தது, அழுத்தினேன். விளக்கு மின்னிப் பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டும் மடங்கின. பாலு சூடு பட்டவன் மாதிரி கையை எடுத்தான்.

"மாமா, லாக் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு பாலு. நீ கைய வச்சுட்டியே," என்றேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. தன் கையைத்தான் பார்த்தான். "நான் கம்பெனிக்குப் போன் பண்றேன், நீங்க பைக்ல கிளம்புங்க," என்றேன். பாலு பைக்கை எடுத்தான். மாமனாரை நடுவில் உட்கார வைத்து, ஆண்டி பின்னால் ஏறிக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது மாமனார் என்னைப் பார்த்து, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலயே மாப்ள?" என்றார். ஒண்ணும் ஆகல மாமா என்றேன்.

அவர்கள் போன பிறகு சக்கரத்தடியில் இருந்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டேன். சுபஸ்ரீக்குப் போன் செய்து, பாலு கை வைத்ததில் வண்டி லாக் ஆகிவிட்டது என்றேன். பிறகு கிளம்பினேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆண்டி உங்களிடம் சொன்னது உண்மைதான். லாரிக்குப் பின்னால் நின்ற வெள்ளைக் கார் என்னுடையதுதான். லாரியின் பக்கவாட்டில் பைக் தெரிந்தது. மாமனாரின் தலை பாலுவின் முதுகில் சாய்ந்திருந்தது. மூச்சு இருந்தது, தோள் ஏறி இறங்கியதைப் பார்த்தேன். ஆண்டி திரும்பி என்னைப் பார்த்தார். கம்பெனிக்காரன் இப்போதுதான் திறந்துவிட்டான் என்று சொல்லி இறங்கியிருக்கலாம். யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அந்த வாக்கியம் வாய்வரை வந்துவிட்டது. கதவு லாக்கை எடுத்தும்விட்டேன்.

பிறகு சுபஸ்ரீயை நினைத்தேன். வழியில் அவர் போய்விட்டால், அப்பா உயிர் போன சீட்டில் அவள் எப்படி உட்காருவாள்? சாவு விழுந்த வண்டியை வீட்டு வாசலில் நிறுத்த முடியுமா? அவளுக்கு அந்த வேதனை வேண்டாம் என்று மறுபடி லாக் போட்டேன். நீண்ட கூட்ஸ் வண்டி, மெதுவாகப் போயிற்று. எனக்கு வியர்த்தது, ஏசியைக் கூட்டினேன். கேட் திறந்ததும் லாரிக்குப் பின்னாலேயே போனேன், முந்தவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பைக்கிலிருந்து இறக்கும்போது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது சரி.

காரியத்தன்று பாலு என் முன்னால் வந்து நின்றான். "நான் கைய வச்சிருக்கக் கூடாது மாமா. நானே எங்கப்பாவக் கொன்னுட்டேன்," என்றான். அவன் இப்போது வலது கையால் சாப்பிடுவதில்லையாம், அவன் அம்மாதான் ஊட்டிவிடுகிறார். நான் அவன் தோளில் தட்டி, "விடு பாலு, உனக்கென்ன தெரியும்," என்றேன். அது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆண்டி பொய் சொல்கிறார் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். வண்டி லாக் ஆகவில்லை. அப்படி லாக் ஆகிற வசதியே அதில் கிடையாது. நான்தான் மூடினேன், இரண்டு தடவை மூடினேன், அவர் செத்துப்போவார் என்று தெரிந்தே மூடினேன். இதை எழுதித் தாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சுபஸ்ரீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்காகச் சாட்சி சொல்லத்தான் வந்திருக்கிறாள். எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணுவார், என் தம்பி கை பட்டு வண்டி லாக் ஆயிடுச்சு என்று உங்கள் ஏட்டையாவிடம் அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மேடம். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.