டெமோவுக்குப் படுத்த ஆள்

கேசினி: ...அது சரி விஜேந்திரன், நெஞ்சை ஸ்கேன் பண்ணுற இந்தக் குட்டி எக்கோ மெஷின்ல என்ன அப்பிடி விசேஷம்? ஜெர்மன்காரன்ர பெரிசை விட்டிட்டு நான் ஏன் இதை வாங்கோணும்?

விஜேந்திரன்: அது அலமாரி மாதிரி டொக்டர். பூனாகலை மலை ரோட்டுல ஏத்திக்கிட்டுப் போவீங்களா? இது பைக்குள்ள போயிரும். கரண்டு போனாலும் ஓடும்.

கேசினி: தேயிலைத் தோட்டம் தோட்டமாப் போய்ப் பிள்ளையளின்ர நெஞ்சைப் பாக்கத்தான் கேக்கிறன். ஆனா கொழும்பில ஒராள் பெரிய மெஷின் ஒண்டு மலிவாத் தாறன் எண்டவர்...

விஜேந்திரன்: ஐயோ, அது ஐரோப்பாவுல ஓடி ஓஞ்சது! அவங்க புதுசு வாங்குனதும் பழசத் தொடச்சு நம்ம பக்கம் தள்ளிவிடுறாங்க. இப்ப சீனாக்காரன், கொரியாக்காரன்னு எல்லாரும் எறங்கிட்டான். உலகமே சின்ன மெஷின் பக்கந்தான் போகுது. நீங்க மட்டும்...

கேசினி: காணும், காணும். கொம்பனி ஆள் மாதிரியே கதைக்கிறியள்.

விஜேந்திரன்: கொம்பனி ஆள்தானுங்களே! இது வித்தாத்தான் ஊவா மாகாணம் முழுக்க என் ஏரியா. இல்லாட்டி வேறொருத்தன் வந்துருவான்.

கேசினி: அப்ப ஷேர்ட்டைக் கழட்டிப்போட்டு இடப்பக்கம் சரிஞ்சு படுங்கோ.

விஜேந்திரன்: நானா? டெமோவுக்கு எப்பவும் கொம்பனி டிரைவர் புஹாரி நானாதான் படுப்பாரு... எங்க அவரு?

கேசினி: தேத்தண்ணி குடிக்க அனுப்பிப்போட்டன். விக்க வந்த ஆளே படுத்தாலென்ன? வெக்கமோ?

விஜேந்திரன்: வெக்கமா, எனக்கா? இந்தா... படுத்துட்டேன்.

கேசினி: ஏன் மூச்சைப் பிடிக்கிறியள்? விடுங்கோ... ம்ம்... ஒரு வால்வு சரியாத் திறக்கேல்லையே.

விஜேந்திரன்: ஜெல் பத்தல டொக்டர்.

கேசினி: போட்டாச்சு. இப்பவும் அதேதான்.

விஜேந்திரன்: போதும் டொக்டர், நான் எந்திரிக்கிறேன்.

கேசினி: ஒண்டில் மெஷின் பிழை, இல்லாட்டி நெஞ்சு பிழை. பிழையான மெஷினை நான் எடுக்கேலாது. எது?

விஜேந்திரன்: ...மெஷின் பிழையில்ல.

கேசினி: வடிவாத் தெரியுமோ?

விஜேந்திரன்: தெரியும். ஆபீஸ்ல யாரும் இல்லாதப்ப நானே வச்சுப் பாத்தேன். சின்னதுல தோட்டத்து லயத்து வீட்டுல காய்ச்சல், முட்டி வீக்கம்னு கெடந்தேன்... அப்ப வால்வுல வந்த கோளாறு இது. அப்பவே கண்டுபுடிக்க இந்த மாதிரி ஒண்ணு தோட்டத்துக்கு வரல. அதனாலதான் இத இவ்வளவு தைரியமா விக்கிறேன்!

கேசினி: கெட்டிக்காரன். பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?

விஜேந்திரன்: சொன்னா ஒப்பரேசன்னு படுக்க வைப்பாங்க. எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஏரியா கைய விட்டுப் போயிரும். பயமாவும் இருந்துச்சு டொக்டர்... நீங்க மொதல்ல மெஷின எடுங்க. என் நெஞ்ச நான் பொறகு பாத்துக்கிறேன்.

கேசினி: மெஷினுக்குப் போன கிழமையே உங்கட பேரைச் சொல்லி ஓடர் குடுத்தாச்சு, தம்பி. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு உங்கட கொம்பனிப் பெரியவரிட்ட நான்தான் கேட்டனான். அண்டைக்கு எங்கட ஆஸ்பத்திரிப் படியேறி வந்து, மூச்சு வாங்கிக் கதைக்கேலாமல் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டியள் பாருங்கோ... இண்டைக்குக் கூப்பிட்டது உங்களைப் பாக்கத்தான்.