முதலை இறங்கவேண்டிய நிறுத்தம்

மெக்கானிக்: கதவை அழுத்தி மூடினீங்களாம்மா?

மனைவி: மூடியாச்சு தம்பி. நேத்து சாயங்காலத்துலேர்ந்து இந்த டிஷ்வாஷர்ல உயிரே இல்ல. பட்டனை அமுக்கினா ஒரு லைட்டும் எரியல. செத்த பாம்பு மாதிரி கிடக்கு.

கணவர்: செத்த பாம்பை லேசா நினைக்காதே. நான் பஸ் ஓட்டினப்ப ஒரு செத்த பாம்பு எழுந்து...

மனைவி: துணி இல்லாமயே கதை வருதா உங்களுக்கு?

கணவர்: வராது. அதான் நிறுத்திட்டேன்.

மெக்கானிக்: என்ன துணி ஐயா?

மனைவி: பாத்திரம் துடைக்கிற துணி. முப்பத்தொம்பது வருஷமா நான் கழுவுவேன், இவர் துடைப்பார். துடைச்சிக்கிட்டே புளுகுவார். மெஷின் வந்துச்சு, புளுகு நின்னுச்சு.

கணவர்: புளுகு இல்ல. நடந்தது.

மனைவி: இவர் பஸ்ல முதலை ஏறிச்சாம் தம்பி.

மெக்கானிக்: முதலையா?

கணவர்: பின்வாசல் வழியா. நல்ல கூட்டம், யாரும் கண்டுக்கல.

மனைவி: ஜன்னலோரம் உக்காந்துச்சு. கண்டக்டர் டிக்கெட் கேட்டார். அன்னிக்குக் கடைசித் தட்டைத் துடைச்சாச்சு, மிச்சம் நாளைக்குன்னார் இவர். மறுநாள் இந்த மெஷின் வந்து இறங்குது. மூணு மாசமா முதலை பஸ்லயே இருக்கு.

மெக்கானிக்: அப்புறம் என்னாச்சு ஐயா?

கணவர்: எனக்கெப்படித் தெரியும்? கை காஞ்சுல்ல கிடக்கு!

மெக்கானிக்: சும்மா உக்காந்து சொல்லலாமே?

கணவர்: சாப்பிட்டதும் இவ டிவி முன்னாடி போயிடுறா.

மனைவி: நீங்க பேப்பருக்குள்ள தலையை விட்டுக்கிட்டா நான் யார் மூஞ்சியைப் பார்க்கிறது?

மெக்கானிக்: அப்ப நேத்து ராத்திரி கையாலதானே கழுவியிருப்பீங்க?

மனைவி: எங்க... பொண்ணு வந்திருந்தா. எங்களைக் கிட்டயே விடல. தானே கழுவி வெச்சிட்டு, காலையில உங்களையும் அனுப்பிட்டா.

கணவர்: ரொம்ப சுறுசுறுப்பு.

மெக்கானிக்: பிளக் நல்லா இருக்கு... மெயின் பாக்ஸ் எங்கம்மா?

கணவர்: அதைத் திறக்காதீங்க. பல்லி குட்டி போட்டிருக்கு.

மெக்கானிக்: பல்லி முட்டைதானே ஐயா போடும்?

கணவர்: அதனாலதான் சொல்றேன், கிட்டப் போகாதீங்க.

மெக்கானிக்: இதோ... இந்த ஒரு சுவிட்சு மட்டும் அணைஞ்சிருக்கு.

மனைவி: தானா விழுந்திருக்குமோ?

மெக்கானிக்: தானா விழுந்தா நடுவுல நிக்கும்மா. இது யாரோ கையால தள்ளினது.

கணவர்: பெரிய பல்லி.

மெக்கானிக்: போட்டுட்டேன். அமுக்குங்கம்மா.

மனைவி: அமுக்கிட்டேன்... எரியல.

கணவர்: எரியலையா!

மெக்கானிக்: உங்களுக்கு ஏன் ஐயா தூக்கிவாரிப் போடுது?

கணவர்: இல்ல... எரியணுமே. அது ஒண்ணுதானே...

மனைவி: எது ஒண்ணு?

கணவர்: ஒண்ணுமில்ல.

மெக்கானிக்: கொஞ்சம் தள்ளுங்க. கதவு சரியாப் பூட்டலைன்னா இதுக்கு உயிர் வராது... கொக்கி மாட்டுற ஓட்டையில என்னமோ... அட, கொண்டை ஊசி!

கணவர்: என் தலையில இருக்கறது ஏழு முடி. அதுக்கு ஊசி எதுக்கு?

மெக்கானிக்: இப்பப் பாருங்க, லைட்டு எரியுது. ரெண்டு கோளாறு. ரெண்டும் தானா வர்ற கோளாறு இல்ல... உங்க பொண்ணு போன்ல கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?

மனைவி: பாவம், எனக்குச் சோப்புத் தண்ணியில கை வெடிக்குதுன்னு வாங்கிக் கொடுத்தா. ஓடுதுன்னே சொல்லுங்க.

மெக்கானிக்: சரிம்மா. ஊசியை மேடைமேல வெச்சிருக்கேன். வரேங்க ஐயா.

மனைவி: தம்பி போயாச்சு. கதவைச் சாத்துங்க.

கணவர்: அந்த சுவிட்சு... நான்தான்.

மனைவி: ம்.

கணவர்: காலைப் பாத்திரம் தொட்டியில கிடக்கு. நான் கழுவுறேன், உன் கைக்கு ஆகாது. நீ துடை.

மனைவி: துணி என் கைக்கு வந்துட்டா கதை?

கணவர்: நீதான் சொல்லணும். ஊசிக் கதையிலேர்ந்து ஆரம்பி.

மனைவி: தட்டைக் கொடுங்க, சொல்றேன்... நேத்து நீங்க மெயின் பாக்ஸ் பக்கம் பூனை மாதிரிப் போனதைப் பார்த்தேன். நீங்க நகர்ந்ததும் சுவிட்சைப் போட்டேன். மெஷின்ல லைட்டு எரிஞ்சுது. உடனே திரும்ப அணைச்சிட்டேன். விடிஞ்சதும் மனசு மாறி நீங்களே போட்டுத் தொலைச்சிடுவீங்களோன்னு... தலையிலேர்ந்து ஊசியை உருவினேன். வேற என்னங்க பண்றது, முதலை இன்னும் பஸ்லயே இருக்குல்ல?