கியூடெக்ஸ் கோடும் நாற்பத்தொரு கையெழுத்தும்

பெற்றோர் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வருவார்கள், அதில் நான்கு பேர் தேநீருக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்டு நாற்காலிகளைக் குறைத்து அடுக்கிவிட்டு, இன்று வாசல் வரை நீண்டு நிற்கும் வரிசையைக் கண்டு வியர்த்து வீற்றிருக்கும் தலைவர், எங்கள் அதிபர் அருமைநாயகம் ஐயா அவர்களே! அவருக்கு அருகே, பரீட்சை எழுத வந்த பிள்ளையைப் போலப் பதறி அமர்ந்திருக்கும் விஞ்ஞான ஆசிரியை தக்ஷாயினி ரீச்சர் அவர்களே! வாவியில் வலை வீசிய கையோடு வந்திருக்கும் தந்தையரே! அடுப்பை அணைத்தோமா அணைக்கவில்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! முன்வரிசையில் இருந்தாலும் முகத்தை முழுக்க யன்னல் பக்கம் திருப்பி வைத்திருக்கும் என் மச்சாள், என் கணவரின் மூத்த சகோதரி, மதிப்புக்குரிய இரத்தினம்மா அவர்களே! அந்த யன்னலில் தொங்கிக்கொண்டிருக்கும் தரம் பத்தின் தங்கங்களே! இறங்குங்கள் பிள்ளைகளே, கம்பி கறள் பிடித்தது, கையைக் கிழித்தால் ஊசி போட வேண்டும். உங்கள் அனைவரையும் நடுங்கும் குரலால் வணங்குகிறேன். குரல்தான் நடுங்குகிறது, சொல்ல வந்த செய்தி நடுங்காது.

நான் யார்? தேற்றாத்தீவில் தோணி வைத்திருக்கும் நிஷாந்தின் மனைவி. தரம் பத்தில் படிக்கும் தக்சிகாவின் தாய். முப்பத்தாறு வயது, பட்டப்படிப்பு முடித்தவள், பயப்படுவதில் மட்டும் முதல் வகுப்பில் தேறியவள்.

நாம் ஏன் கூடியிருக்கிறோம்? ஒரு மனுவைப் பற்றி முடிவெடுக்க. "தக்ஷாயினி ரீச்சர் நடத்தும் சனிக்கிழமைச் செய்முறை வகுப்பு நிறுத்தப்பட வேண்டும். அந்த நேரத்தில் கடந்தகால வினாத்தாள்கள் செய்விக்கப்பட வேண்டும்." கீழே நாற்பத்தொரு கையெழுத்து. கை உயர்த்தி இன்று தீர்மானிக்கப் போகிறோம். அந்த மனுவை எழுதிய மகராசி யார்?

பின்னால் யாரோ "நீங்கதானே கா!" என்கிறார்கள். ஓம். நானேதான். முத்து முத்தான கையெழுத்தில், மூன்று இடத்தில் "தாழ்மையுடன்" போட்டு, முதல் கையெழுத்தும் வைத்தவள் நான்தான். ஏன் எழுதினேன் என்பதையும், இன்று ஏன் இங்கே ஏறினேன் என்பதையும் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள்.

அன்பானவர்களே! ஒரு வருட விஞ்ஞானம் ஒரு வீட்டுக்குள் புகுந்தால் என்ன ஆகும்? உங்களுக்குத் தெரியாதா? உங்கள் வீட்டு முட்டை வினாகிரியில் ஊறவில்லையா? உங்கள் வீட்டு வானொலி வயிறு திறந்து கிடக்கவில்லையா? என் வீட்டில் அது அலுமாரியில் தொடங்கியது. ஒரு கலியாணத்துக்குப் போகக் கூறைச் சேலையை எடுக்கக் கதவைத் திறக்கிறேன். உள்ளே இருந்து ஒரு சிவப்புத் தலை என்னை எட்டிப் பார்க்கிறது! அலறினேன். என் கணவர் சத்தகக் கத்தியோடு ஓடி வந்தார். பார்த்தால், ஒரு போத்தல். அதன் வாயில் ஒரு பலூன். பலூன் பூசணிக்காய் அளவு ஊதிக் கிடக்கிறது.

"இதென்ன புள்ள?"

"கதவ மூடுங்க அம்மா. ஈஸ்ட் மூச்சு விடுது. காற்றின்றிய சுவாசம்."

"அதுக்கு என்ட கூறைக்குள்ளயா மூச்சு விடோணும்?"

"வீட்டுக்குள்ள சூடு குறையாத இடம் அதுதான் அம்மா. நாலு இடத்தில வெப்பமானி வெச்சுப் பாத்தன்."

பாருங்கள், கூறைக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்த மகளை நான் பெற்றிருக்கிறேன்!

அது போகட்டும். அடுத்த பாடமாக நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், வந்தன. எனக்கு மூன்றும் பெண்பிள்ளைகள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் வீட்டையும் கட்டிக் கொடுக்க வேண்டும். ஆகவே வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் பெருமூச்சு விட்டுச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "இவ எனக்கு மூணு வீடு பெத்துத் தந்திரிக்கா." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். வருடக்கணக்காகப் பார்த்தார். நானும் ஏதோ குற்றம் செய்தவளைப் போல வருடக்கணக்காகக் குனிந்து சோறு போட்டேன். ஒரு வியாழக்கிழமை, சோற்றைப் பிசைந்துகொண்டே தக்சிகா சொன்னாள்:

"அப்பா, அம்மாட்ட எக்ஸ் மட்டும்தான் இரிக்கி. எக்ஸும் வையும் உங்கட்டத்தான். ஆணா பொண்ணா எண்டது உங்கட பக்கத்தால வாறது."

அவர் வாய்க்குக் கொண்டுபோன கவளம் வழியில் நின்றது.

"ஆரு சொன்னது?"

"ரீச்சர். புத்தகத்திலயும் இரிக்கி. நூத்திப் பதினெட்டாம் பக்கம்."

"அப்ப நான் இப்ப என்ன செய்யோணும்?"

"வீடு கட்டுங்க அப்பா."

தாய்மாரே, நீங்கள் ஏன் கை தட்டுகிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. தந்தைமாரே, நீங்கள் ஏன் தட்டவில்லை என்றும் புரிகிறது. அன்றே நான் ரீச்சருக்கு ஒரு சட்டி தயிர் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. ஏனென்றால் அடுத்த பாடம் மேலுதைப்பு.

மேலுதைப்பு என்றால் என்ன? தோணி தன் உடலால் எவ்வளவு தண்ணீரைத் தள்ளுகிறதோ, அந்தத் தண்ணீரின் நிறைக்குச் சமமாகத் தண்ணீர் தோணியைத் தூக்கிப் பிடிக்கும். நமக்கு இது பாடம் அல்ல, பிழைப்பு. ஆனால் என் கணவருடைய தோணிச் சாத்திரத்தில் ஒரே விதிதான்: "இன்னும் ஒராள் ஏறலாம்." அந்த விதிக்கு முடிவு கட்ட மகள் முடிவு செய்தாள். மழையில்லாத ஆவணி, கடலோடு கலக்கும் நம் வாவித் தண்ணீர் வாயில் பட்டால் உப்புக் கரிக்கும் காலம். சொந்தக்காரர் எட்டுப் பேரைத் துறைக்குக் கூட்டி வந்து, நெல் நிறுக்கும் தராசில் ஏற்றி, ஒவ்வொருவர் நிறையையும் கொப்பியில் எழுதினாள். கவலைப்படாதீர்கள் மச்சாள், எந்த எண்ணும் என் வாயால் வராது. எட்டுப் பேரையும் தோணியில் இருத்தி, நீர் தொட்ட இடத்தில் கோடு போட்டாள். எதனால்? நகத்துக்குப் பூசும் என் புதுச் சிவப்புக் கியூடெக்ஸால்! "இந்தக் கோடு மறைஞ்சா ஒராள் இறங்கோணும்." என் கணவரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

ஆவணி போனது. மாரி வந்தது, கொட்டியது, ஓய்ந்தது. தை மாதம் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் கலியாணம். பலகாரப் பெட்டிகள் முதல் நாளே பாலத்தால் சுற்றிப் போய்விட்டன. காலையில் வாவி கண்ணாடியாய்க் கிடந்தது. அதே தோணி. அதே எட்டுப் பேர். ஏறினார்கள், இருந்தார்கள், கோடு மறைந்தது! எவ்வளவு? ஒரு நூல். ஒரே ஒரு நூல்.

"நூலளவுதானே மனே," என்றார் அவர்.

"நூலெண்டு விட்டா மறுகா கோடு என்னத்துக்கு அப்பா? ஆவணியில மட்டா இருந்த ஆக்கள்தானே. ஆரோ ஏறியிரிக்கிறீங்க."

ஏறியிருக்கிறீர்கள் என்றால் தோணியில் அல்ல, தராசில். எட்டுப் பேரில் ஏழு பேர் ஒருசேரத் திரும்பி ஒருவரைப் பார்த்தார்கள். யாரை என்று நான் சொல்லமாட்டேன். அவர் எழும்பினார். சேலையைச் சேர்த்துப் பிடித்தார். "நான் இறங்கிறன். உங்கட கோடு முங்க வேணாம்," என்றார். இறங்கி, பஸ் பிடித்து, பாலத்தால் சுற்றிப் போய்ச் சேரும்போது, மாப்பிள்ளைக்கு அவர் எடுக்க வேண்டிய ஆலாத்தியை வேறு ஒருவர் எடுத்து முடித்திருந்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது, இல்லையா? எனக்கும் அன்று நின்றது. கலியாணச் சோற்றை அப்படியே இலையோடு மூடிவிட்டு எழும்பினேன். வீட்டுக்கு வந்து பேனையை எடுத்தேன். மகளில் வந்த கோபம், கணவரில் வந்த கோபம், மச்சாள் முகத்தில் விழிக்க முடியாத பயம், அடுத்த வருடம் வரப்போகும் சாதாரண தரப் பரீட்சைப் பயம், அத்தனையையும் சேர்த்து ஒருவர் தலையில் இறக்கி வைத்தேன். அவர்தான் இதோ, இந்த ரீச்சர். இரண்டாவது கையெழுத்து என் மச்சாளுடையது. மிச்சம் முப்பத்தொன்பதும் உங்கள் முட்டைகளும் வானொலிகளும் போட்டவை.

இரண்டு கிழமை கழிந்தது. சனிக்கிழமை வகுப்பால் வந்த மகள் சோறு தின்னவில்லை. மேசையில் இரண்டு போத்தல். ஒன்றில் ஆவணியில் எடுத்து வைத்த வாவித் தண்ணீர். மற்றதில் அன்று அள்ளிய தண்ணீர். அன்று வகுப்பில் பழகியபடி, குளிர்பானம் உறிஞ்சும் குழலின் அடியில் களிமண் உருட்டி அடைத்து, இதில் மிதக்க விடுகிறாள், எடுக்கிறாள், அதில் மிதக்க விடுகிறாள். உப்புத் தண்ணீரில் நிமிர்ந்து நின்ற குழல், மாரித் தண்ணீரில் ஒரு படி தாழ்ந்து நின்றது.

"அம்மா, மாமி ஏறல்ல. தண்ணி மாறிட்டு."

என்ன நடந்தது? மாரி வெள்ளம் வந்து வாவியை நன்னீராக்கிவிட்டது. நன்னீர் உப்பு நீரைவிட இலேசு. அதே சுமையைத் தாங்க இன்னும் கொஞ்சம் கூடத் தண்ணீரைத் தள்ள வேண்டும். அதற்குத் தோணி இன்னும் ஒரு நூல் தாழ வேண்டும். ஆவணித் தண்ணீரில் போட்ட கோட்டை, தைத் தண்ணீரில் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்! குஞ்சித்தம்பி அண்ணன், எங்கள் துறையின் மூத்த தோணிக்காரரே, தலையாட்டுகிறீர்கள். மாரியில் தோணி தாழ்ந்துதான் ஓடும் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா? அப்படியென்றால் துறையில் நின்ற நீங்கள் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?

என்ன சொல்கிறார் கேட்டீர்களா? "ஆரும் என்னட்டக் கேக்கல்லயே புள்ள!"

சரி. பிழை கண்டுபிடிக்கப்பட்டது. பட்டம் பெற்ற தாய் பிள்ளைக்கு என்ன புத்தி சொன்னேன் தெரியுமா? "விடு மனே. ஒருத்தருக்கும் தெரியா. நாளடைவில மாமி மறந்திடுவா." இதுதான் நான் சொன்ன புத்தி! அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு போத்தலையும் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் பத்தடி பின்னால், பதுங்கிப் பதுங்கிப் போனேன்.

வாசல் படலையில் மச்சாள் நின்றார்; அக்கம்பக்கத்து வேலிகளில் தலைகள் முளைத்தன.

"என்ன, தண்ணி விக்க வந்தியா?"

"இல்ல மாமி. அண்டைக்குப் பிழை என்னில. தண்ணி இலேசாப் போச்சு. நான் அதப் பாக்கல்ல."

மச்சாள் குழலைத் தானே வாங்கி, தானே மிதக்க விட்டுப் பார்த்தார். ஒருமுறை அல்ல, ஐந்து முறை. பிறகு மெல்லக் கேட்டார்:

"அப்ப நான் ஏறல்ல?"

ஓம் மாமி, ஏறவில்லை, மெலிந்து கொடியாகிவிட்டீர்கள் என்று சொன்னால் விசயம் முடிந்திருக்கும். நானாக இருந்தால் கொடி என்ன, நூல் என்றே சொல்லியிருப்பேன். இவள் சொன்னாள்:

"அது எனக்குத் தெரியா மாமி. அளந்தாத்தான் தெரியும். அண்டைக்கு அளக்காமச் சொன்னன். அதுதான் பிழை."

மச்சாள் குழலைத் திருப்பிக் கொடுத்தார். படலையைச் சாத்தினார். இன்றுவரை யன்னலைத்தான் பார்க்கிறார்.

பெரியோர்களே! தாய்மார்களே! ஒரு வருடத்தில் ஒரு பிள்ளை விஞ்ஞானத்தில் என்ன படிக்கிறது? ஆவர்த்தன அட்டவணை படிக்கிறது; உராய்வு படிக்கிறது; நியூற்றனின் மூன்று விதியையும் குளிக்கும்போதுகூடச் சொல்கிறது. அவ்வளவுதானா? நம் வீடுகளில் "பிழை என்னில" என்ற இரண்டு சொல்லைக் கடைசியாக யார் சொன்னது? கறியில் உப்புக் கூடினால் உப்பைக் குற்றம் சொல்லுகிறோம் நாம்! வலை கிழிந்தால் நண்டைக் குற்றம் சொல்லுகிறார்கள் நம் ஆண்கள்! பெண்பிள்ளை பிறந்தால் பெற்றவளைக் குற்றம் சொல்லுகிறது ஊர்! பதினைந்து வயதுப் பிள்ளை, பத்து வீட்டுச் சனம் பார்த்திருக்க, தான் போட்ட கோட்டைத் தானே பிழை என்று சொல்லிவிட்டு வந்ததே, அதை எந்தக் கடந்தகால வினாத்தாள் கற்றுக்கொடுக்கும்? மேலுதைப்புக் கேள்விக்கு அவள் ஆவணியிலேயே சரியான விடை எழுதி முழுப் புள்ளியும் எடுத்துவிட்டாள். அந்த முழுப் புள்ளியோடுதான் தன் மாமியைத் தோணியால் இறக்கினாள்! அவளைத் திருத்தியது எது? சனிக்கிழமை! அந்தச் சனிக்கிழமையை நிறுத்தச் சொல்லி எழுதியது யார்? நான்!

ஆகவே, அதிபர் ஐயா, அந்த மனுவைக் கொஞ்சம் தாருங்கள். உங்கள் பேனையும். இதோ, முதல் கையெழுத்தை வெட்டுகிறேன். ரீச்சர், பிழை என்னில. பரீட்சையில் என் பிள்ளை என்ன பெறுபேறு எடுப்பாள்? எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு நீங்கள் மருந்து தர வேண்டாம். வகுப்பு எடுங்கள், போதும்.

இப்போது கேட்கிறேன். சனிக்கிழமை வகுப்பு நடக்கட்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள். ஒன்று. அது என் கை. இரண்டு. அது யன்னலில் இருந்து. பிள்ளைகளே, உங்களுக்கு வாக்கு இல்லை, கம்பியைப் பிடியுங்கள். என் கணவர் கூரையைப் பார்க்கிறார். மூன்று வீட்டின் கூரை அவர் கண்ணில் தெரிகிறது போலும்.

மச்சாள் எழும்புகிறார். அமைதி, அமைதி. என்ன மச்சாள்? உரக்கச் சொல்லுங்கள்.

"வகுப்பு நடக்கட்டும். ஆனா வாற சனிக்கிழம அந்தத் தோணிய எனக்கு முன்னால திரும்ப அளக்கோணும். தராசயும் கொண்டு வரச் சொல்லு. முதல் ஆளா நான்தான் ஏறுவன். கொப்பியில என்ன விழுதோ விழட்டும்!"

கேட்டீர்களா? கேட்டீர்களா! அதோ குஞ்சித்தம்பி அண்ணனின் கை. அதோ நடுவரிசை முழுவதும். அதோ, கடைசியில், கூரையைப் பார்த்தபடியே என் கணவரின் கையும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேனை தந்த தலைவருக்கும், கண்ணைத் துடைக்கும் ரீச்சருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம். தயவுசெய்து யாரும் பதில் வணக்கம் சொல்ல வேண்டாம்; அதிபர் ஐயா இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார், உயர்த்திய கையை ஒருவரும் இறக்காதீர்கள்.