உசர நெட்டு கிளப்

டிரைவர்: ...இல்லங்க, நான் இங்கயே உட்கார்ந்துக்கிறேன். வேன் டிரைவர்னா வண்டிக்குக் காவல் இருக்கணும்ல.

தம்பி: உங்க டீம் வந்த வேன் அந்தத் தெரு முனையில நிக்குது. இந்தப் படிக்கட்டுல உட்கார்ந்து எப்படிக் காவல் காப்பீங்க?

டிரைவர்: ஹாரன் சத்தம் கேக்கும்ல...

அக்கா: ஏங்க, திருட வர்றவன் ஹாரன் அடிச்சுச் சொல்லிட்டா திருடுவான்?

டிரைவர்: சரி விடுங்க. உங்க கிளப்பு, உங்க ரூமு, உங்க பொண்ணுதான் உள்ள டேபிள் டென்னிஸ் ஃபைனல் ஆடுது. நீங்க ரெண்டு பேரும் ஏன் வெளிய?

அக்கா: எனக்கு முட்டி வலி.

தம்பி: நான் செருப்புக்குக் காவல்.

டிரைவர்: இங்க ஒரு செருப்பு கூட இல்லையே! எல்லாரும் ஷூவோட உள்ள போயிட்டாங்க.

தம்பி: அப்போ காவல் எவ்வளவு நல்லா நடக்குது பாருங்க. ஒண்ணுகூட காணாம போகல.

அக்கா: இவன் பேச்ச விடுங்க. என் தம்பிதான். மரவேலை பாக்குறான், வாய் மட்டும் ரம்பம்.

தம்பி: நீ டெய்லருதானே? உன் வாய முதல்ல தை.

டிரைவர்: உள்ள ரெண்டு டீமும் ரெண்டு ரெண்டு ஆட்டம் ஜெயிச்சாச்சாம். இது கடைசி ஆட்டம், அதுலயும் கடைசி கேமு.

அக்கா: அத ஞாபகப்படுத்தாதீங்க. ஜெயிச்சா கப்பு. தோத்தா ரூமுக்கே பூட்டு.

டிரைவர்: பூட்டா?

தம்பி: பில்டிங் ஓனர் சொல்லிட்டாரு. "இத்தன வருஷமா டொக்கு டொக்குனு தட்டி என்னத்தக் கிழிச்சீங்க? ஒரு கப்பு கொண்டாந்து காட்டுங்க, ரூம் உங்களுக்கே. இல்லன்னா குடோனுக்கு விட்டுருவேன்"னு.

அக்கா: கப்பு இல்லன்னா கிளப்பே இல்லையா? இந்தக் கிளப்பு எதுல ஆரம்பிச்சது தெரியுமா? என் துணி வெட்டுற மேசையில! கடைய மூடுனதும் நூலெல்லாம் தட்டிவிட்டுட்டு தெருவே வந்து ஆடும். மறுநாள் ஜாக்கெட் வெட்ட உட்கார்ந்தா துணிக்குள்ள இருந்து பந்து உருளும்.

தம்பி: அப்புறம் நான் செஞ்சேன் மேசை. பழைய கதவு ரெண்ட ஒட்டி, இழைச்சு, பச்சை பெயிண்ட் அடிச்சு...

அக்கா: சாவி துவாரத்த அடைக்க மறந்துட்டான். பந்து அதுல பட்டா எந்தப் பக்கம் பறக்கும்னு ஆண்டவனுக்கே தெரியாது.

தம்பி: அது ஒரு ஸ்பெஷல் ஐட்டம்! உன் நெட்டு கதையச் சொல்லேன் பாப்போம்.

அக்கா: என் நெட்டா? உன் கம்பமா?

டிரைவர்: என்னங்க அது நெட்டு கதை?

தம்பி: நெட்டு ஆறு இஞ்சு உசரம்னு யாரோ சொன்னாங்க. சரின்னு இவ கொசுவலையில தைக்கிறா. டெய்லராச்சே... மடிச்சுத் தைக்க மேல ஒரு இஞ்சு, கீழ ஒரு இஞ்சு விட்டா.

அக்கா: விடாம? சின்னதா வெட்டிட்டா ஒட்டவா முடியும்?

தம்பி: விட்டா சரி. மடிக்கணும்ல? மடிச்சா அழகா இல்லையாம், அப்படியே விட்டுட்டா.

அக்கா: இவரு மட்டும்? கம்பத்துக்கு இழைப்புக்குன்னு ரெண்டு இஞ்சு கூட விட்டாரு. கடைசில இழைக்கவே இல்ல. ரெண்டையும் மாட்டுனா... அளவெடுத்த மாதிரி அவ்வளவு கச்சிதமா பொருந்துச்சுங்க!

டிரைவர்: அப்போ எட்டு இஞ்சா!

தம்பி: எட்டு இஞ்சு. ஊர்ல இருக்குற எல்லா நெட்டுமே அப்படித்தான் இருக்கும்னு நெனச்சு வருஷக்கணக்கா ஆடிருக்கோம்.

டிரைவர்: ஹஹ்ஹா... யாருமே சொல்லலையா?

அக்கா: யாரு சொல்றது? வெளிய போனாத்தானே. முதல் தடவையா ஒரு போட்டிக்குப் போனோம். இவன் உள்ள நுழைஞ்சதும் நேரா நடுவர்கிட்டப் போயி...

தம்பி: அக்கா, அது வேணாம்...

அக்கா: "சார், உங்க நெட்டுல பாதியக் காணோம்"னு கம்ப்ளெய்ண்ட் குடுக்குறான்! ஹாலே சிரிச்சுது.

தம்பி: அன்னிக்கு அத்தன பேரும் தோத்தோம். தூக்கித் தூக்கி அடிச்சே பழகுன கை... பந்தெல்லாம் மேசைய விட்டு வெளிய போயி சுவத்துல முட்டுது. அதுல இருந்து "உசர நெட்டு கிளப்பு"ன்னு பட்டப்பேரு.

டிரைவர்: ஓ... எங்க வேன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்களே, அந்தக் கிளப்பு நீங்கதானா!

அக்கா: சிரிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கத்தரிய எடுத்தேன், நெட்ட வெட்டிருவோம்னு. என் பொண்ணு அப்ப இத்துனூண்டு. கைய பிடிச்சுக்கிட்டா. "இவ்ளோ உசரத்தத் தாண்டுற பந்து, அந்தக் குட்டி நெட்டத் தாண்டாதாம்மா? தாண்டுனப்புறம் கீழ இறங்க வெச்சாப் போதும்"னா.

தம்பி: என் மருமக மூள அது! அன்னிலேர்ந்து பிராக்டிஸுக்கு மட்டும் உசர நெட்டுலயே தாண்ட வெச்சு, அடிக்கும்போதே மட்டையால பந்த வழிச்சு விட்டு... மேல ஏறும், திடீர்னு தலகீழா விழும். எதிராளி மட்டைய வீசும்போது பந்து அவன் வயித்துக்கிட்ட இருக்கும்.

டிரைவர்: அட... அதெப்படி இருக்கும்னு பாக்கணுமே. ஒரே ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு வரட்டா?

அக்கா: போங்க போங்க. பாத்துட்டு ஸ்கோர் சொல்லுங்க.

தம்பி: நானும்...

அக்கா: நீ எங்க போற? உட்காரு!

தம்பி: சரி சரி. நீயும் எந்திரிக்காத. முட்டி வலி.

டிரைவர்: யம்மா! எங்க ஆளு எட்டு, உங்க பொண்ணு அஞ்சு. நான் பாக்கப் பாக்கவே ஒண்ணு அடிச்சா... ஆறு! பந்து பாம்பு மாதிரி தலையக் கவுத்துச்சுங்க.

அக்கா: உட்காந்துட்டீங்களே, இன்னும் பாருங்களேன்.

டிரைவர்: இல்லங்க, போதும்... எனக்கு இது ஆகாது.

தம்பி: என்ன அது, கைதட்டல்? நம்ம ஆளுங்க தட்டல... உங்க பக்கம்தான்.

டிரைவர்: மறுபடியும் தட்டுறாங்க.

அக்கா: அப்போ பத்துக்கு ஆறா? ஐயோ... பதினொண்ணுல கேம் முடிஞ்சிரும், இன்னும் ஒண்ணு போனா பூட்டு...

தம்பி: அண்ணே, வாசல்லயே நில்லுங்க. நின்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க.

டிரைவர்: நான் வேணாமே... சொன்னாக் கேளுங்க...

அக்கா: உங்க தங்கச்சியா நெனச்சுக் கேக்குறேன், நில்லுங்கண்ணே!

டிரைவர்: ...சரி. சர்வீஸ் போடுறா... தூக்குறா... ஏழு!

தம்பி: ஆங்!

டிரைவர்: எட்டு! எங்க ஆளு மட்டைய முறைக்கிறான், என்னமோ மட்டைதான் தப்பு பண்ணுன மாதிரி.

அக்கா: பொறுமடி... அவசரப்படாதடி...

டிரைவர்: இந்த ஒரு பாயிண்டே நீளமா போகுது... அடிக்கிறான், எடுக்குறா, அடிக்கிறான், எடுக்குறா... தூக்கிட்டா! ஒம்போது!

தம்பி: அக்கா, கைய விடு, நகம் குத்துது.

டிரைவர்: பத்து! பத்துக்குப் பத்து!

அக்கா: இனி ரெண்டு பாயிண்டு முன்ன போனாத்தான் ஜெயிக்க முடியும்...

டிரைவர்: பதினொண்ணு! இப்ப எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. எனக்கு மறைக்குது... நகருங்கப்பா!... பந்து மேல போகுது... கூரைக்கே போயிருச்சு போல... வெளியன்னு அவன் விட்டுட்டான்... இறங்குது... இறங்குது... மேசை ஓரத்துல!

தம்பி: பட்டுச்சா?

டிரைவர்: பட்டுச்சுடா! ஜெயிச்சாச்சு! உங்க பொண்ண தோள்ல தூக்கிட்டாங்கம்மா!

அக்கா: ஏய்... ஏய்... எட்டு இஞ்சுடா தம்பி! நம்ம எட்டு இஞ்சு!

தம்பி: இனி எந்த ஓனரு பூட்டுறான்னு பாக்குறேன்! அக்கா... அழுறியா?

அக்கா: நீதான் அழுற. டேய், இப்பச் சொல்லலாம்ல... கோச்சுக்காத. எனக்கு முட்டியும் வலிக்கல, ஒண்ணும் வலிக்கல. நீ பாத்தா தோத்துருவோமாம். உன்ன வெளியவே பிடிச்சு வெக்கத்தான் உட்கார்ந்தேன்.

தம்பி: என்னது? உன்னப் பிடிச்சு வெக்கத்தானே நான் இல்லாத செருப்புக்குக் காவல் காத்தேன்! உனக்குத்தான் ராசி இல்லன்னு உன் பொண்ணு சொன்னா.

அக்கா: அடிப்பாவி! எங்கிட்டயும் அவதான்டா சொன்னா!

தம்பி: ரெண்டு பேரும் உள்ள வந்தா "தூக்கு, தூக்கு"ன்னு கத்தி உயிர எடுப்போம்னு ஒரே அமுக்கா அமுக்கிட்டா... வா, முதல்ல கட்டிப்பிடிப்போம், அப்புறம் காதத் திருகுவோம். அண்ணே, நீங்களும் வாங்க! ஏன் இப்படி முழிக்கிறீங்க?

டிரைவர்: ...வண்டிக் காவல்னு சொன்னதும் சும்மாதாங்க. நான் பாத்தா எங்க டீம் தோத்துரும்னு சத்தியம் வாங்கிட்டு என்னையும் வெளிய தள்ளுனாங்க. வாசல்ல நின்னதுலேர்ந்து எங்களுக்கு ஒரு பாயிண்டு வந்துச்சா? நியாயமாச் சொல்லுங்க... அந்தக் கப்பு உங்க பொண்ணு அடிச்சதா, நான் பாத்ததா?